எந்தக் கதிரையில் இருப்பது?



கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். "உளவளத்துணைக்குப் போகும்படி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கும் போக விருப்பம். ஆனால் உள்ளே போனதும் எங்கே இருப்பது, எப்படி இருப்பது என்று தெரியவில்லை. அதை யோசித்தே இரண்டு தடவை வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்" என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

இது ஒரு சின்னக் கேள்வி என்று சிலர் நினைக்கலாம். ஆனால் உளவளத்துணை அறைக்குள் வரும் ஒருவர், வாய் திறக்க முன்பே செய்கிற முதற் காரியம் ஓர் இடத்தைப் பார்த்து இருப்பதுதான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்த வேலையைச் செய்துவரும் எனக்கு, அந்த ஒரு நிமிடத்துக்குள் எவ்வளவு விடயம் அடங்கியிருக்கிறது என்பது தெரியும். ஆகவே இந்த மாதம் கதிரைகளைப் பற்றியே கதைப்போம். இதில் வரும் பெண்கள் எவரும் அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியும் கலந்தும் எழுதியுள்ளேன்.

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் அறை, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு வீதியில் இருக்கிறது. நாலு கதிரைகள், யன்னலோரம் ஒரு வாங்கு, மூலையில் சுருட்டி வைத்த ஒரு பாய். மேசையைச் சுவரோடு தள்ளி வைத்திருக்கிறோம். வருபவர் "எங்கே இருக்க?" என்று கேட்டால், "உங்களுக்கு எது வசதியோ அங்கே இருங்கோ. பிறகு மாறி இருக்க வேணுமெண்டாலும் மாறலாம்" என்று சொல்வேன்.

அப்படிச் சொன்னதும் பலர் திகைத்துப் போய் நிற்பார்கள். ஏனென்றால் நீண்ட காலமாக யாரும் அவர்களிடம் அப்படிக் கேட்டதில்லை. எங்கே நிற்பது, எந்த வரிசையில் போவது, எந்தக் கூடாரத்தில் படுப்பது, எந்த பஸ்ஸில் ஏறுவது என்பதையெல்லாம் மற்றவர்களே தீர்மானித்தார்கள்.

கதவு தெரியும் இடம்

எங்கள் அறையில் முதலில் நிரம்புகிற கதிரை, சுவரை முதுகுக்கு வைத்து வாசலைப் பார்த்தபடி இருக்கும் கதிரைதான். வாசலுக்கு முதுகு காட்டி இருக்கப் பலருக்கு முடிவதில்லை. கதைத்துக்கொண்டிருக்கும்போதே கண் வாசலுக்குப் போய்ப் போய் வரும். மாடிப்படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டால் வசனம் பாதியில் நின்றுவிடும்.

கொழும்பில் இருந்த எமக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை. 1983 ஆடிக் கலவரத்தில் கதவுகள் உடைபட்டதை நேரில் கண்டவர்கள் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். பின்பு வந்த வருடங்களில் இரவுச் சோதனை, பொலிஸ் பதிவு, அடையாள அட்டை என்று கதவு தட்டப்படும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு இடித்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளில் தங்கியிருந்த 370க்கு மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, கொழும்பை விட்டு வெளியேற்றினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நீதிமன்றம் தடுத்தது சரி; ஆனால் கதவு தட்டிய சத்தம் காதை விட்டுப் போவதற்கு எந்த நீதிமன்றமும் கட்டளை இட முடியாது.

ஆபத்துக் காலத்தில் எமது மூளை எந்த நேரமும் விழித்திருக்கப் பழகிவிடுகிறது. ஆபத்து நீங்கிய பிறகும் அது அந்தக் காவலை விடுவதில்லை. இதை மிகைவிழிப்பு என்பார்கள். 1980ஆம் ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோயைத் தமது நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது, இதுவும் அதன் அறிகுறிகளில் ஒன்றாக இடம்பெற்றது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராகப் பணிபுரிந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், எமது மக்களின் மனவடுவைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதினார். ஆகவே கதவைப் பார்த்து இருப்பது பைத்தியமும் அல்ல, பிடிவாதமும் அல்ல. ஒரு காலத்தில் உயிரைக் காப்பாற்றிய பழக்கம் அது.

இதனால் எங்கள் அறையில் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். கதைப்பது வெளியே கேட்காதபடி கதவைச் சாத்துவோம். ஆனால் பூட்ட மாட்டோம். பூட்டவில்லை என்பதை வருபவர் தம் கையால் ஒரு தடவை திறந்து பார்க்கலாம். வாசலுக்கும் அவருக்கும் இடையில் நான் இருப்பதில்லை. எழுந்து போக நினைத்தால் என்னைத் தாண்டிப் போகவேண்டிய நிலை அவருக்கு வரக்கூடாது.

மேசைக்கு அந்தப் பக்கம்

மேசையை ஏன் சுவரோடு தள்ளி வைத்தீர்கள் என்று ஒரு மாணவி கேட்டார். போரால் பாதிக்கப்பட்ட ஒரு பெண் இதுவரை எத்தனை மேசைகளுக்கு முன்னால் இருந்திருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள் என்றேன். கிராம சேவகரின் மேசை, பொலிஸ் நிலைய மேசை, முகாமில் பதிவு மேசை, செஞ்சிலுவைச் சங்க மேசை. கணவனையோ பிள்ளையையோ தேடுபவள் என்றால் அந்த வரிசை இன்னும் நீளும். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு, 2013இல் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு, 2016இல் சட்டம் இயற்றி 2018இல் ஆணையாளர்களை நியமித்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். ஒவ்வொரு மேசையிலும் அதே கேள்வி: "கடைசியாக எங்கே கண்டீர்கள்?"

அப்படிப்பட்ட ஓர் அம்மா எங்களிடம் வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் படங்கள், கடிதங்கள், பற்றுச்சீட்டுகள். சுவரோரம் இருந்த மேசையைத் தேடிப் போய் அதன் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, பையை விரித்துவிட்டார். மேசை அவருக்கு வேண்டியிருந்தது. ஆவணம் காட்டாமல் தன் மகனைப் பற்றிப் பேச முடியும் என்பது அவருக்குப் பழக்கமில்லை. நான் மேசையின் அந்தப் பக்கத்துக்குப் போகாமல் அவர் பக்கத்திலேயே இருந்து அந்தப் படங்களைப் பார்த்தேன். நாலாம் தடவை வந்தபோது பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "அவனுக்கு மாம்பழம் எண்டால் உயிர்" என்று தொடங்கினார். அன்றுதான் மகன் ஒரு கோவையாக இல்லாமல் பிள்ளையாக அந்த அறைக்குள் வந்தான்.

மேசை கூடாது என்று நான் சொல்லவில்லை. சில பெண்களுக்கு இடையில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் பாதுகாப்பு. சிலர் கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கைப்பையும் ஒரு மேசைதான்.

முகம் பாராமல் கதைப்பது

நேருக்கு நேர் இருந்து கண்ணைப் பார்த்துக் கதைப்பதுதான் நல்லது என்று எண்ணுபவர்கள் உண்டு. எமது வீடுகளில் பெண்கள் மனம்விட்டுக் கதைத்தது எப்போது என்று நினைத்துப் பாருங்கள். பின்னால் இருந்து பேன் பார்க்கும்போது, தலை இழுத்துப் பின்னும்போது, குசினியில் ஒருவர் தேங்காய் துருவ மற்றவர் வெங்காயம் உரிக்கும்போது, கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது. அப்போதெல்லாம் முகம் பார்ப்பதில்லை. கை வேலையில் இருக்கும், வாய் கதைக்கும். வெட்கமான விடயமும் வேதனையான விடயமும் அப்படித்தான் வெளியே வந்தன. கத்தோலிக்க சகோதரிகளுக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி தெரியும். அங்கும் குருவானவர் பக்கவாட்டாகத்தான் இருப்பார். இடையில் ஒரு தட்டி.

மனநல மருத்துவத்தின் வரலாற்றிலும் இது இருக்கிறது. வியன்னாவில் வாழ்ந்த சிக்மண்ட் பிராய்ட், தன்னிடம் வந்தவர்களை ஒரு சாய்வுக் கட்டிலில் படுக்கவிட்டு, அவர்கள் கண்ணில் படாமல் தலைமாட்டுக்குப் பின்னால் இருந்துகொண்டார். ஒரு நாளில் எட்டு மணி நேரம் மற்றவர்கள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தன்னால் தாங்க முடியாது என்று 1913இல் அவரே எழுதினார். அதாவது, உலகப் புகழ் பெற்ற அந்த ஏற்பாட்டில் ஒரு பகுதி வைத்தியருடைய வசதிக்காகச் செய்யப்பட்டது! இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாசிகளுக்குத் தப்பி 1938இல் லண்டனுக்கு அகதியாகப் போனபோது அந்தக் கட்டிலும் அவரோடு போனது. இன்றும் லண்டனில் அவர் வாழ்ந்த வீட்டில் அது இருக்கிறது. இடம்பெயர்ந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டு போவார்கள் என்பது எமக்குத் தெரியாததா?

எங்களிடம் வரும் பெண்களை நாம் கட்டிலில் படுக்கச் சொல்வதில்லை. உடம்பால் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, ஒருவர் பின்னால் இருக்கத் தான் படுத்திருப்பது பயங்கரமாக இருக்கலாம். நாம் விரும்புவது மூலைக்கு மூலையாக, சற்றுச் சாய்வாக இருக்கும் இரண்டு கதிரைகளை. பார்க்க விரும்பினால் பார்க்கலாம், விரும்பாவிட்டால் யன்னலைப் பார்க்கலாம். எவ்வளவு தூரம் என்பதும் வருபவருடைய விருப்பம். நெருங்கிய பழக்கத்துக்கு ஒன்றரை அடி முதல் நாலு அடி வரை என்று எட்வர்ட் ஹோல் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966இல் எழுதினார். பாயில் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்து கதைக்கும் எமக்கு அது பொருந்தாது. ஆனால் அதே பாயில் வளர்ந்த ஒரு தங்கச்சி, தனக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, அறையின் அந்தக் கரையில் இருந்துதான் கதைக்க முடியும் என்றால் அவளுக்கு அதுவே சரியான அளவு.

நிலத்தில் இருப்பவர்கள்

சில வயதான அம்மாமார் கதிரையைப் பார்த்தும் பாராமல் நிலத்தில் இருந்துவிடுவார்கள். "எனக்கு இதுதான் பழக்கம் பிள்ளை" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மை. முழங்கால் மடித்து நிலத்தில் இருப்பதே அவர்களுக்கு ஆறுதல்.

ஆனால் நிலம் எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் வாங்கில் இருக்க விடாமல் நிலத்தில் இருத்திய காலம் ஒன்று இருந்தது. சம ஆசனம், சம போசனம் வேண்டும் என்று 1920களில் போராட்டம் நடந்துதான் அரசாங்கம் 1930 அளவில் சம ஆசனத்துக்குக் கட்டளையிட்டது. அதற்கும் எதிர்ப்பு வந்தது. அப்படி வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எம்மிடம் வருகிறார்கள். எனவே நிலத்தில் இருக்கும் ஒருவரிடம், "கதிரையும் உங்களுக்குத்தான்" என்று ஒரு தடவை சொல்லுவேன். அதற்குப் பிறகும் நிலம்தான் விருப்பம் என்றால் பாயை விரித்து நானும் நிலத்தில் இருப்பேன். ஒருவர் கீழே, ஒருவர் மேலே இருந்து சமமாகக் கதைக்க முடியாது.

ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும்

இவ்வளவும் வாசித்த பிறகு, "இந்தக் கதிரையில் இருந்தால் இந்த வருத்தம்" என்று ஒரு பட்டியல் போட்டுவிடலாம் என்று எண்ணவேண்டாம். அப்படி ஒரு பட்டியல் கிடையாது.

எங்கள் யன்னலால் கடல் தெரியும். முல்லைத்தீவுக் கரையில் 2004 மார்கழி 26இல் சுனாமியையும், அதே கரையோரத்தில் 2009இல் போரின் கடைசி நாட்களையும் கண்ட ஒருவர், யன்னலுக்கு முதுகு காட்டித்தான் இருப்பார். அதே கரையைச் சேர்ந்த இன்னொருவர், "கடலைப் பார்த்தால் ஊரில் இருக்கிற மாதிரி" என்று யன்னலோர வாங்கை விடமாட்டார். கடல் ஒன்று, பெண்கள் இருவர்.

எப்போதும் என் இடது பக்கத்துக் கதிரையையே தேடிய ஒரு சகோதரி இருந்தார். வாசலும் அங்கே இல்லை, யன்னலும் இல்லை. காரணத்தைக் கேட்டேன். செல் விழுந்ததில் இருந்து இடது காது கேட்பதில்லை. அந்தக் கதிரையில் இருந்தால்தான் நான் கதைப்பது நல்ல காதில் விழுமாம். இடுப்பில் செல் துண்டு உள்ளவர் மென்மையான கதிரையில் இருக்கமாட்டார். செயற்கைக்கால் போட்டவர் எழும்புவதற்குக் கைப்பிடி உள்ள கதிரையைத் தேடுவார். வெயிலில் காலி வீதியால் நடந்து வந்தவர் மின்விசிறிக்குக் கீழே இருப்பார். அதற்கு எந்த மனவடுவும் காரணம் அல்ல.

ஆகவே கதிரையைப் பார்த்து மனதை அறிந்துவிட்டோம் என்று நினைப்பது பிழை. அதிகாரிகள் எமது முகத்தைப் பார்த்தும் ஊரைப் பார்த்தும் எம்மை எடைபோட்டார்கள். துணை தேடி வரும் இடத்திலும் அதுவே நடக்கக்கூடாது. "இந்த இடம் வசதியா? ஏதும் மாற்றவேணுமா?" என்று கேட்டால் போதும். அவர் சொன்னால் சொல்லட்டும், சொல்லாவிட்டால் இருக்கட்டும்.

இடம் மாறுவதும் ஒரு சேதிதான். வாசலோரம் இருந்தவர் ஒருநாள் உள்ளே வந்து இருப்பார். யாரும் அவரை அழைத்திருக்கமாட்டார்கள். அவருக்கே அது தெரிந்திருக்காது. மருந்துச் சீட்டில் எழுத முடியாத முன்னேற்றம் அது. சில வேளை, காணாமற்போன மகனின் பிறந்தநாள் வரும் மாதத்தில் மறுபடி வாசலோரம் போய்விடுவார். அது தோல்வி அல்ல.

மரத்தடியில் ஒரு வாங்கு

அறையே இல்லாத இடத்தில் என்ன செய்வது? 2009இல் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குக் கூடாரம் மூச்சுச் சத்தம் கேட்கும் நெருக்கம். கதிரையும் இல்லை, கதவும் இல்லை. அங்கே இருந்த பெண்கள் தண்ணீர் வரிசையிலும் மர நிழலிலும்தான் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள்.

ஆபிரிக்காவில் சிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஒரு வேலை தொடங்கினார். ஆஸ்பத்திரியில் அறை இல்லை. தாதியருக்கு நேரமும் இல்லை. எனவே கிளினிக் வளவில் மரத்தின் கீழ் ஒரு மரவாங்கு போட்டு, அயலில் உள்ள பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து அதில் இருத்தினார். மனம் நொந்து வருபவர்கள் பாட்டியின் பக்கத்தில் இருந்து கதைத்தார்கள். அதை நட்பு வாங்கு என்கிறார்கள். அந்த நாட்டு மக்கள் தங்கள் வருத்தத்துக்கு வைத்திருக்கும் பெயரின் பொருள் 'கூட யோசிப்பது'. "யோசினை கூடிப்போச்சு" என்று எமது அம்மாமார் சொல்வதும் அதைத்தானே! 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஆறு மாதத்தின் பின், வழமையான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப்பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பாட்டியுடன் வாங்கில் இருந்தவர்களில் 14 சதவீதத்தினரிடம் மட்டுமே இருந்தன. ஒரு வாங்கும், பொறுமையாகக் கேட்கும் ஒரு பாட்டியும் எமது ஊர்களிலும் இல்லாமல் இல்லை.

2020 ஊரடங்கு நாட்களில் நாங்கள் தொலைபேசியில்தான் கதைத்தோம். கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீட்டில் ஏழெட்டுப் பேரோடு இருந்த பெண்கள், மாடிப்படியில் இருந்தும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டும் கதைத்தார்கள். அப்போதும் முதற்கேள்வி அதுவே: "இப்ப எங்க இருக்கிறீங்கள்? அந்த இடத்தில் கதைக்கலாமா?"

கடிதம் எழுதிய சகோதரிக்கு

தயங்காமல் போங்கள். உங்களுக்கு உதவக்கூடிய சில விடயங்கள்:

• எங்கே இருப்பது என்று கேளுங்கள். ஒரு கதிரையைக் காட்டினாலும், "அந்தப் பக்கம் இருக்கலாமா?" என்று கேட்பது உங்கள் உரிமை. அது மரியாதைக் குறைவு அல்ல.

• காது, கால், முதுகு வருத்தம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

• துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அவர் உள்ளே பக்கத்தில் இருப்பதா, வெளியில் நிற்பதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். மாமியாரோ கணவரோ கூட வந்து, தனியே கதைக்க விரும்பினால், அதை உளவளத்துணையாளர் அவர்களிடம் சொல்லும்படி கேட்கலாம்.

• வைத்தியர் சிங்களத்தில் கதைப்பவராக இருந்து மொழிபெயர்ப்பாளர் வந்தால், மொழிபெயர்ப்பாளர் உங்கள் இருவருக்கும் நடுவில் மறைப்பாக இராமல் சற்றுப் பக்கமாக இருக்கட்டும். வைத்தியர் உங்களைப் பார்த்துக் கதைக்கவேண்டும். தெரிந்தவர், அயலவர், உங்கள் பிள்ளை ஆகியோரை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம்.

• முதல் நாள் ஒன்றும் கதைக்காமல் இருந்துவிட்டு வரலாம். இருந்ததே போதும்.

இரவில் மனம் தாங்காமல் போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். தமிழிலும் கதைக்கலாம்.

எமது பெண்கள் எல்லாவற்றையும் இழந்து, மற்றவர்கள் காட்டிய இடத்தில் வாழப் பழகியவர்கள். வீட்டை, காணியை, உறவை ஒரே நாளில் யாராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் ஒரு கதிரையைத் தானாகப் பார்த்து இருக்கும் உரிமையை இன்றே கொடுக்கலாம். உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு சகோதரி வந்தால் நீங்களும் கொடுக்கலாம். "இதில இருங்கோ" என்று கையைப் பிடித்து இருத்த முன், "எங்க இருக்க விருப்பம்?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.